மனோரியில் தங்க ஓர் இடம்

குழாயில் இன்னும் தண்ணீர் வரவில்லை. கணேசபாண்டியன் குடத்துக்குள் கையை விட்டு, அடியில் கிடந்த ஈரத்தை விரலால் தொட்டு, கவிழ்த்து வைத்திருந்த தகர டின்னின் முதுகில் ஒரு கோணல் வட்டம் போட்டான். "இதுதான் தீவு" என்றான். சண்முகவடிவு முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டாள். வரிசையில் நின்றவர்கள் பாதித் தூக்கத்தில் இருந்தார்கள். நல்லவேளை.

குழாயடியில்தான் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ள முடியும் என்றால் அது என்ன குடித்தனம்? ஆனால் தாராவியில் வடிவுக்கு வாய்த்தது அப்படித்தான். கல்யாணம் முடிந்து பத்து மாதம். ஒரே ஒரு கோலி. அந்த ஒற்றை அறைக்குள் மாமனார், மாமியார் பேராச்சி, இரண்டு கொழுந்தன்மார், ஒரு நாத்தனார், போதாததற்கு ஊரிலிருந்து வேலை தேடி வந்து இன்றுவரை தேடிக்கொண்டே இருக்கிற தூரத்துச் சொந்தம் ஒருவன். பேராச்சியைக் குறை சொல்லக்கூடாது. அவளும் ஒரு காலத்தில் புதுப்பெண்ணாக இருந்தவள்தானே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகனை மட்டும் விட்டுவிட்டு வீட்டில் இருக்கிற அத்தனை பேரையும் ஓட்டிக்கொண்டு சயானுக்கு சினிமா பார்க்கப் போய்விடுவாள். போகும்போது, "தலவலிக்குன்னு சொன்னியேட்டி, நீ இரு" என்று இல்லாத தலைவலி ஒன்றை மருமகளுக்குக் கொடுத்துவிட்டுப் போவாள். ஆனால் என்ன பிரயோசனம்? கதவைச் சாத்திய மறு நிமிஷம் பக்கத்துக் கோலி முருகம்மாள் வந்து நிற்பாள். "வடிவு, வீட்ல யாரும் இல்லயா? அய்யோ பாவம், ஒத்தையிலயா இருக்க" என்று, கணேசபாண்டியன் இருப்பதையே கவனிக்காதவள் மாதிரி உட்காருவாள். சினிமா விட்டு எல்லாரும் திரும்பி வருகிறவரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். அவளுக்கு அவ்வளவு நல்ல மனசு.

இப்போது கணேசபாண்டியன் வேலை பார்க்கிற இரும்புப் பட்டறைச் சேட்டு வீட்டில் கல்யாணம். சேட்டு சூரத்துக்குப் போய்விட்டான், பட்டறைக்குப் பூட்டு. கணேசபாண்டியனோடு லேத்தில் நிற்கிற கரீம் பாட்சாதான் இந்தத் தீவைச் சொன்னவன். யாரோ பணக்காரர் பங்களாவில் பம்பு ரிப்பேருக்குப் போய் இரண்டு நாள் அங்கே இருந்திருக்கிறான்.

"இது படகுத்துறை" என்று வட்டத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தான் கணேசபாண்டியன். "எறங்குன ஒடனே கட கண்ணி எல்லாம் இருக்கு. ஆனா ஒரே ஆள் நடமாட்டமாம். இங்ஙன மீன்காரங்க குடியிருப்பு. வாடக கொறச்சல்தான். மூங்கில் கட்டி பூரா மீனக் காயப் போட்டிருப்பாங்களாம், நாத்தம் தாங்காதுன்னு பாட்சா சொல்லுதான்." விரல் வட்டத்தின் அந்தக் கோடிக்குப் போனது. "இது மேக்குக் கர. சவுக்குத் தோப்புக்குள்ள சர்ச்சுக்குப் போற ஒரு வேதக்கார அம்மா தனித்தனியா ரூம் கட்டி விட்டிருக்காம். அக்கம்பக்கத்துல ஒரு ஈ காக்கா கெடையாது."

"கதவுக்கு உள்பக்கம் தாப்பாள் உண்டா?" என்று கேட்டாள் வடிவு.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் கேள்வியை வாபஸ் வாங்கவில்லை. மறுநாள் குழாயடியில் பதில் வந்தது. "உண்டாம். மேலயும் கீழயும்." அன்றைக்கு அவள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்த நடையைப் பார்த்து முருகம்மாளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இத்தோடு நின்றிருந்தால் தேவலை. நம் ஊர் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் அங்கே ஊர்க்காரன் எவனாவது இருக்கிறானா என்று தேடுவார்கள். இருந்துவிட்டால் அவனை விடமாட்டார்கள், அவனும் விடமாட்டான். கணேசபாண்டியன் சாப்பிட உட்காரும்போது விஷயத்தைச் சொன்னானோ இல்லையோ, பேராச்சி கரண்டியோடு எழுந்து நின்றுவிட்டாள்.

"மனோரியா? அங்க நம்ம மேலத்தெரு வெயிலுமுத்துல்லா கட வச்சிருக்கான்! படகுத்துறைக்கு எதுத்தாப்புல! நம்ம ஆளு இருக்கையில எவ வீட்லயோ போயித் தங்குனா நாளைக்கு ஊர்ல காறித் துப்ப மாட்டாகளா?"

கணேசபாண்டியன் சோற்றைப் பிசைந்தான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மோர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். எங்களுக்குத் தனியாக இருக்கவேண்டும் என்று அந்த வீட்டில் எந்த ஆண்பிள்ளைக்கு நாக்கு எழும்பும்? "சரிம்மா" என்றான். பேராச்சி அன்றைக்கே ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டாள். அரிசி கிடைக்காத காலம், போகிற இடத்துக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று ரேஷன் அரிசியில் ஒரு பங்கைத் துணியில் முடிந்து கொடுத்தாள். வடிவு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகையும் வந்தது, புருஷன்மேல் எரிச்சலும் வந்தது. இரும்பைக் கடைகிற மனுஷனுக்கு அம்மாவிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லையே.

மாஹிமில் ரயிலேறி, மலாடில் இறங்கி, மார்வேக்கு பஸ் பிடித்து, கடற்கழியைப் படகில் கடக்கிறவரை அவள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனும் தப்பு செய்தவன் மாதிரி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்கரையில் வெயிலுமுத்து தயாராக நின்றிருந்தான். "வா தம்பி, வாம்மா!" என்று பையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டான். கடைக்குப் பின்னாலேயே வீடு. வாசலில் அவன் பெண்டாட்டி சொர்ணம்மாள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள். கோழி அடித்திருந்தார்கள். படுக்கிற ஏற்பாடுகூட முடிந்திருந்தது.

"ஆம்பளையாளுக வெளிய கயித்துக் கட்டில்ல. காத்து பிச்சிக்கிட்டுப் போவும். பொம்பளையாளுக நாம உள்ள. நீ எம் பக்கத்துல படுத்துக்க தாயி, பேசிக்கிட்டே கெடக்கலாம்" என்றாள் சொர்ணம்மாள். "தமிழ்ல வாயாரப் பேசி எத்தன நாளாச்சு தெரியுமா? இங்க எல்லாம் மராட்டிதான்."

அவ்வளவுதான். தாராவியில் எட்டுப் பேர், இங்கே நான்கு பேர். அதற்கு ரயில் என்ன, பஸ் என்ன, படகு என்ன. வடிவு பின்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். எதிரே அம்மியில் சொர்ணம்மாள் மசாலா அரைத்துக்கொண்டே ஊர்க்கதை பேசினாள். பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தி, "என்ன தாயி, கண்ணு இப்படிக் கலங்குது? வெங்காயமா?" என்றாள்.

வெங்காயம்தான் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் இன்றைக்கு விட்டால் இனி எப்போது? அடுத்த தீவுக்கு எங்கே போவது?

"யக்கா, ஒண்ணு சொல்லுவேன். நீங்க கோவப்படப்பிடாது."

"சொல்லு."

"கல்யாணமாகிப் பத்து மாசம் ஆச்சு. நாங்க ரெண்டு பேரும் ஒரு பொழுதாவது தனியா இருந்ததில்ல. அதுக்குத்தான் இங்க வந்தோம்."

சொல்லி முடித்தபிறகுதான் பயம் பிடித்தது. குழவி நின்றுவிட்டது. கோழி அடித்து வைத்துக்கொண்டு வழிமேல் விழிவைத்துக் காத்திருந்தவளிடம் உன் வீடு வேண்டாம் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டதே. அவர்கள் தாராவி திரும்புவதற்கு முன்னாலேயே இந்தப் பேச்சு போய்ச் சேர்ந்துவிடும். பேராச்சி முகத்தில் எப்படி விழிப்பது? சொர்ணம்மாள் மசாலாக் கையாலேயே நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள்.

"கூறுகெட்ட மூதி! ஒன்னச் சொல்லல தாயி, என்னச் சொன்னேன். நான் மாட்டுங்காவுல குடித்தனம் தொடங்குனது ஒரு கடைக்குப் பின்னாடி, சாக்கு கட்டுன மறப்புல. அந்தப் பக்கம் ஏழு ஆம்பளைக. எனக்கு ஏன் புத்தியில ஒறைக்கல?" என்றவள் எழுந்து கடைப்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "இங்கேரும்! பிள்ளைக்குக் கடலப் பாத்துக்கிட்டே இருக்கணுமாம். மேக்க அந்த வேதக்காரம்மாகிட்டப் போயி சாவி வாங்கிட்டு வாரும்."

"நம்ம வீடு இருக்கையில அங்க எதுக்கு?" என்று வந்து நின்றான் வெயிலுமுத்து, பின்னாலேயே கணேசபாண்டியனும்.

"நான் சொல்லுதேம்லா!"

வெயிலுமுத்து பெண்டாட்டியைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டிருந்த வடிவைப் பார்த்தான். ஏதோ ஆராய்ச்சி செய்கிறவன் மாதிரி கூரை ஓட்டையே பார்த்துக்கொண்டிருந்த கணேசபாண்டியனையும் பார்த்தான். பிறகு அநாவசியமாக இருமிவிட்டு வேகமாக நடந்தான். "பேராச்சி மதினிட்ட எங்க வீட்லதான் இருந்தீகன்னு நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள் சொர்ணம்மாள். "ஆனா ஒண்ணுட்டி. நாளைக்கு எங்கூட ஒக்காந்து நல்லாப் பேசிட்டுத்தான் படகு ஏறணும்." வடிவு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. பசித்தது. கோழிக்குழம்பை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

சவுக்குத் தோப்புக்குள் அந்த அறை சின்னதுதான். ஒரு கட்டில், ஒரு பாய், கடலைப் பார்த்து ஒரு ஜன்னல். கணேசபாண்டியன் மேல் தாப்பாளைப் போட்டான், குனிந்து கீழ்த் தாப்பாளையும் போட்டான். திரும்பி நின்றான். அவள் தாப்பாள் இரண்டையும் எண்ணுகிறவள் மாதிரி பார்த்தாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. யாருக்காவது கேட்டுவிடும் என்ற பயமில்லாமல் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"செத்த நேரம் சாயுதேன்" என்று கட்டிலில் உட்கார்ந்தான். சாய்ந்தான். அவ்வளவுதான், தூங்கிவிட்டான். நல்ல மனுஷன்! இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவள் நின்றாள். எழுப்பலாமா என்று குனிந்தவள் எழுப்பவில்லை. கையும் காலும் நாலு திக்குக்கும் போக, கட்டில் முழுவதும் அவனே கிடந்தான். இவ்வளவு நீளமான ஆளா இவன்? கட்டிலுக்கு வெளியே தொங்கிய உள்ளங்கையில் ஜன்னல் வெளிச்சம் விழுந்தது. அதில் சின்னச் சின்னத் தீப்புண் வடுக்கள், லேத்திலிருந்து தெறித்த இரும்பு சுட்டது. ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. எழுந்ததும் ஒவ்வொன்றாகக் கேட்கவேண்டும். நாளைக்குப் படகு ஏறுகிறவரை பொழுது கிடக்கிறது.

பாயை விரித்துக் கட்டிலுக்குக் கீழே படுத்தாள். வழக்கம்போல் ஒருக்களித்து, முழங்காலை மடக்கி. பிறகு ஒரு காலை நீட்டிப் பார்த்தாள். இன்னொரு காலையும் நீட்டினாள். மல்லாந்து, இரண்டு கைகளையும் அகல விரித்தாள். எதன் மேலும் முட்டவில்லை, யார் மேலும் படவில்லை.