கோட்டின் உள்பக்கம்

ஊர் சுற்றிக் காட்டும் பஸ் மணிக்கூண்டைத் தாண்டியதுமே சின்னவளுக்கு வயிற்றைப் புரட்டியது. பாலத்தில் எல்லோரும் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி வாந்தி எடுத்தாள். அக்கா அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். நெற்றி கொதித்தது. பஸ் அவர்களை விட்டுவிட்டுப் போனது.

அக்கா தையல்காரி. மிஷினை விட்டு எழுந்து சாப்பிடவே மனம் வராது. அவளை இந்த நகரத்துக்குக் கிளப்பிக்கொண்டு வருவதற்குள் சின்னவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மணிக்கூண்டு, பாலம் எதற்கும் அக்கா மசியவில்லை. அருங்காட்சியகத்தில் பழைய ராஜாக்களின் உடைகளை வைத்திருக்கிறார்கள் என்றதும்தான் பெட்டியை எடுத்தாள். அந்தக் கண்காட்சிக்கு இன்று கடைசி நாள்.

டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கி, விடுதி அறைக்கு வந்து படுத்தார்கள். படுத்தது சின்னவள்தான். அக்கா காவலுக்கு உட்கார்ந்துவிட்டாள்.

"நீ போய்ட்டு வாக்கா."

"ஆமா, உன்னை இப்படிப் போட்டுட்டு ராஜா சட்டை பாக்கப் போறேன். வாயை மூடிட்டுப் படு."

"பக்கத்துத் தெருதானே? நீ என் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தா வாந்தி நின்னுடுமா?"

"உன் மூஞ்சியைப் பாத்தா எனக்குத்தான்டி வருது."

சின்னவள் சிரித்துவிட்டதில் அக்கா இளகினாள். "ஒரே சுத்து. ஓடி வந்துடறேன்" என்று தண்ணீரையும் போனையும் கைக்கெட்டும்படி வைத்துவிட்டுப் போனாள்.

போன் அடித்தபோது பேசியது ஒரு ஆண் குரல். "உங்க அக்கா எங்க மியூசியம் ஆபீஸ்ல இருக்காங்க. காட்சிக்கு வெச்ச பொருளைத் தொட்டுட்டாங்க. வந்து கூட்டிட்டுப் போறீங்களா?"

என்ன நடந்திருக்கும் என்று அவர் சொல்லாமலே சின்னவளுக்குத் தெரிந்தது. கல்யாண வீடு, பஸ், வங்கி வரிசை, எங்கேயானாலும் நல்ல துணி கண்ணில் பட்டால் அக்காவின் விரல்கள் ஓரத்தைப் புரட்டித் தையலைப் பார்த்துவிடும். முன்பின் தெரியாத பெண்கள் எத்தனையோ பேர் திடுக்கிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

சின்னவள் பஸ்ஸில் இறங்கும் இடம் கேட்கக் கூச்சப்பட்டு, ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வருகிற ரகம். இப்போது சுவரைப் பிடித்துப் பிடித்து அந்தப் பெரிய கட்டடத்துக்கு நடந்தாள்.

அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே காவலாளியும், கையில் வெள்ளை உறை போட்ட ஒரு பெண் அதிகாரியும் நின்றார்கள். உடைகளைப் பழுது பார்ப்பவர் அவர்தான்.

"கயிறு கட்டியிருக்கோம், தொடாதீங்கன்னு எழுதியிருக்கோம்" என்றார் காவலாளி. "இவங்க உள்ள போயி, கடையில துணி எடுக்கற மாதிரி கோட்டைத் திருப்பறாங்க!"

"திருப்பலைங்க. ஓரத்தை லேசா மடிச்சேன். கை தானாப் போயிடுச்சு."

"எதுக்கும்மா?" என்றார் அதிகாரி.

"முன்பக்கம் ஒரு சுருக்கம் இல்லாம நிக்குது மேடம். உள்ள என்ன வெச்சுத் தெச்சிருக்கான்னு தெரியாம என்னால நகரவே முடியல."

"கோட்டுக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா தப்பு தப்புதான்."

"தப்புதாங்க" என்றாள் அக்கா. அதற்கு மேல் ஒரு சாக்கும் சொல்லவில்லை.

அதிகாரி உள்கதவைத் திறந்தார். "உள் அறையில இன்னொரு கோட்டைப் பிரிச்சுப் போட்டிருக்கேன். கையைக் கட்டிக்கிட்டு நிப்பீங்கன்னா காட்டறேன்."

அக்காவின் முகம் மலர்ந்தது. அடுத்த கணம் வாசலில் சாய்ந்து நின்ற தங்கையைப் பார்த்தாள். "வேண்டாங்க மேடம். இவளுக்கு உடம்பு அனலாக் கொதிக்குது. நாங்க கிளம்பறோம்." முணுமுணுப்பில்லாமல் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

இப்போது கிளம்பினால் அவ்வளவுதான் என்று சின்னவளுக்குத் தெரிந்தது. நாளை அக்கா மறுபடி மிஷினுக்கு முன்னால் இருப்பாள். வாசலை விட்டு ஓர் அடி உள்ளே வைத்தாள்.

"மேடம், நான் இங்கயே கொஞ்சம் படுத்துக்கலாமா? ஒரு வாளி மட்டும் கொடுத்தீங்கன்னா போதும்."

காவலாளி தரை துடைக்கும் வாளியைக் கொண்டுவந்து பெஞ்சுக்கு அருகில் வைத்தார். "இது ஆஸ்பத்திரின்னு எங்கிட்ட யாருமே சொல்லலையே" என்றவர், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார்.

திறந்த கதவு வழியே உள் அறை தெரிந்தது. அக்கா கைகளைப் பின்னால் கோத்து மேஜை மேல் குனிந்திருந்தாள். தன் கல்லூரி ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் குனிந்தவர்கள் பலரைச் சின்னவள் பார்த்திருக்கிறாள். இப்படி மூச்சை அடக்கிப் பார்த்தவர்கள் ஓரிருவர்தான். இவளோடு ஒரே வீட்டில் வளர்ந்தும், இவள் பார்ப்பதை இதுவரை பார்த்ததில்லையே என்று நினைத்தாள்.

திடீரென்று அக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.

"அடியேய்! ராஜாவோட தையல்காரனுக்கும் துணி பத்தலடி! அக்குள்ல ஒட்டுப் போட்டிருக்கான். பூ வேலையைக்கூட ஒட்டோட பொருந்தற மாதிரி சேத்து வெச்சிருக்கான், வெளிய தெரியவே தெரியாது. என்ன கைடி அவனுக்கு!"

"முதல்ல பாத்தப்ப நானும் இப்படித்தான் சிரிச்சேன்" என்றார் அதிகாரி.

"வந்துடட்டுமாடி?"

"கோட்டோட இன்னொரு கையையும் பாத்துட்டு வா" என்றாள் சின்னவள், வாளியை அருகில் இழுத்துக்கொண்டு.