வால்யூமைக் குறைத்துவிட்டுப் பேசுங்கள்

மத்தியானம் மூன்று மணிக்கு டிவியில் நேயர் விருப்பம் தொடங்கும். போன் போட்டு, தொகுப்பாளினியோடு நாலு வார்த்தை பேசி, பிடித்த பாட்டைக் கேட்டால் போடுவார்கள். அம்மா நாலு வருடமாக அதற்கு முயற்சி செய்துகொண்டிருந்தாள். நிகழ்ச்சி ஆரம்பிக்கும் முன்பே போனைக் கையில் எடுத்துக்கொண்டு டிவிக்கு எதிரில் உட்கார்ந்துவிடுவாள். எண்களைப் பார்க்கவே மாட்டாள். கட்டைவிரல் அதுபாட்டுக்கு அழுத்தும். எப்போதும் பிஸிதான். "யார்தான் பேசறாங்களோ, எல்லாரும் அவ சொந்தக்காரங்களா இருப்பாங்க" என்று தொகுப்பாளினியைத் திட்டிக்கொண்டே மறுபடி அழுத்துவாள்.

லைன் கிடைத்தவர்களைக் கண்டாலே அம்மாவுக்கு ஆகாது. பாதிப் பேர் டிவி சத்தத்தைக் குறைக்காமல் பேசுவார்கள். அவர்கள் பேசியதே திரும்ப வந்து ஊளையிடும். தொகுப்பாளினி சிரிப்பை விடாமல், "வால்யூமைக் குறைச்சுட்டுப் பேசுங்க மேம்" என்று கெஞ்சுவாள்.

"தினம் தினம் சொல்றா, காதுல விழுதா இந்த ஜென்மங்களுக்கு?" என்பாள் அம்மா. "என்ன பாட்டு வேணும்னு கேட்டா, ஏதாவது நல்ல பாட்டாப் போடுங்கன்னு சொல்லும் பாரு. ஏதாவது பாட்டுக்கு எதுக்குடி போனு?"

அம்மாவுக்குப் பாட்டு என்றால் வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பாட்டின் நடுவில் புல்லாங்குழல் வந்தால் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பாள். அது முடிந்த பிறகுதான் கை இறங்கும். அதே அளவுக்கு அவளுக்கு ஆட்களும் வேண்டும். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கம்பக்கத்தார் எங்கள் வீட்டில்தான் இருப்பார்கள். பூப்போட்ட ஆறு கோப்பைகளில் டீ, ஒரு தட்டு பிஸ்கட், கடைசியில் அம்மாவின் பாட்டு.

நான் பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன். காரணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒருநாள் கேள்விக்குப் பதில் சொல்ல எழுந்து நின்றேன். பதில் தெரியும். வாய் திறந்தது, குரல் வரவில்லை. வகுப்பு முழுக்கச் சிரித்தது. மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாள் போவது இன்னும் கஷ்டமாக இருந்தது. அப்படியே போய்விட்டது.

அதன்பிறகு வீட்டுக்கு வருகிறவர்கள் டீயை ஊதிக்கொண்டே, "பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்டார்கள். தெரிந்தே கேட்டவர்களும் உண்டு. அம்மா முதலில் "உடம்பு சரியில்ல" என்றாள். அப்புறம் "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றாள். அப்புறம் யாரையும் கூப்பிடுவதை விட்டுவிட்டு, கோப்பைகளைப் பழைய பேப்பரில் சுற்றி அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாள். நான் வீட்டிலிருந்தே சட்டைகளுக்குப் பிசிறு வெட்டுகிறேன். தைத்து முடித்த துணியில் தொங்கும் நூலையெல்லாம் நறுக்குகிற வேலை. அதற்கு யாரோடும் பேச வேண்டியதில்லை.

அன்று அம்மா போனைக் காதில் வைத்தபடி திடீரென்று கையை உயர்த்தினாள்.

"ரிங் போகுதுடி."

நாங்கள் எத்தனையோ முறை ஒத்திகை பார்த்திருந்த காரியம். மடியிலிருந்த சட்டையை உதறிவிட்டு, ரிமோட்டை எடுத்து டிவியின் வாயை அடைத்தேன். அந்தப் பக்கம் யாரோ என்னவோ கேட்டார்கள். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "சரிங்க, சரிங்க, லைன்லயே இருக்கேங்க" என்றாள். பிறகு போனைப் பொத்திக்கொண்டாள்.

"அடுத்தது நான்தானாம். நீ எதிர்வீட்டுக்கு ஓடு. அத்தையை டிவி போடச் சொல்லு."

"நானா?"

"பின்ன, நானா ஓட முடியும்? எனக்கு இங்க ஒண்ணும் கேக்காது. என் குரல் எப்படி வருதுன்னு நீதான் கேட்டு வந்து சொல்லணும். முடிஞ்சதும் எல்லாரையும் டீக்குக் கூட்டிட்டு வா."

"எல்லாரையுமா?"

"எல்லாரையுந்தான்." அவள் கண் அதற்குள் அலமாரிக்கு மேலே போய்விட்டது. "கோப்பைய நானே எறக்கிக்கறேன். ஓடுடி!"

எதிர்வீட்டுக்கு நான் போய் வெகுநாள் ஆகியிருந்தது. அங்கே அத்தை இருந்தாள். எங்களுக்கு உறவில்லை, கூப்பிட்டுப் பழகிவிட்டது. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் மகன் அன்று லீவில் இருந்தார். பக்கத்துச் சந்தில் கடை வைத்திருக்கும் டெய்லர் அக்கா இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடி ஜன்னல் திரைக்கு அளவெடுக்க வந்திருந்தாள்.

"அம்மாவுக்கு லைன் கிடைச்சிடுச்சு" என்றேன்.

"அடி சக்கை!" என்று அத்தை எழுந்தே விட்டாள். "டேய், போடுடா டிவியை!"

"லிஃப்டுல மாட்டிக்கிட்ட மாதிரி நாலு வருஷமா பட்டனை அமுக்கிட்டே இருந்தாங்க" என்றார் மெக்கானிக் அண்ணன். "இப்பதான் கதவு தொறந்திருக்கு."

என்னை ஜன்னலோரத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் தெருவுக்கு அப்பால் எங்கள் வீட்டு ஜன்னல் தெரியும். அம்மா எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தாள். உதடு அசைவது தெரிந்தது. இங்கே டிவியில் இன்னும் முந்தைய ஆளின் பாட்டு முடியவில்லை. நேரலை என்று போட்டிருந்தாலும் எல்லாம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும் போலிருக்கிறது. அம்மா வணக்கம் சொல்லித் தலையாட்டி முடித்த பிறகுதான் அந்த வணக்கம் எங்களிடம் வந்தது.

"ஐயோ, என்னமா இருக்கு குரலு!" என்று அத்தை கன்னத்தில் கை வைத்தாள்.

நிஜமாகவே நன்றாக இருந்தது. வீட்டில் கேட்கிற குரல்தான். ஆனால் வீட்டுக்கு வெளியே கேட்டபோது யாரோ பெரிய மனுஷியின் குரல் மாதிரி இருந்தது.

"சார் என்ன பண்றாங்க மேம்?" என்று தொகுப்பாளினி கேட்டாள்.

"லாரி ஓட்டறார். நாடு பூரா சுத்துவார். எந்த ரோட்டுல நல்ல டீ கிடைக்கும்னு கேளுங்க, டக்குனு சொல்லுவார்."

தொகுப்பாளினி விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இங்கே கேட்டுக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினேன். அங்கே அம்மா சிரிக்கவில்லை. சிரிப்பு எப்போதோ நின்றுபோயிருந்தது. தரையைப் பார்த்தபடி நின்றாள். என்ன ஆயிற்று, லைன் கட்டாகிவிட்டதா என்று நினைத்தேன்.

கேள்வி பிறகுதான் வந்தது.

"உங்க பொண்ணு என்ன பண்றாங்க மேம்?"

மெக்கானிக் அண்ணன் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

"மேம்? லைன்ல இருக்கீங்களா?"

"காலேஜ் படிக்கிறா."

"சூப்பர்! எந்த இயர்?"

"செகண்ட் இயர்."

கணக்கு சரிதான். நான் நிற்காமல் படித்திருந்தால் இந்த வருடம் இரண்டாம் வருடத்தில்தான் இருப்பேன். அதை அம்மா யோசித்துச் சொல்லவில்லை, கேட்டதும் வந்தது. அப்படியென்றால் இத்தனை நாளும் தன் மனதுக்குள் என்னை வருடா வருடம் அடுத்த வகுப்புக்கு ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறாள்.

"பக்கத்துல இருந்தா ஒரு ஹலோ சொல்லச் சொல்லுங்களேன்!"

"அவ காலேஜுக்குப் போயிருக்கா."

என் பாவாடையெல்லாம் வெள்ளை நூல் பிசிறு ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. மூன்று பேரும் பாடுபட்டு டிவியையே பார்த்தார்கள். பாட்டு யாருக்கு என்று தொகுப்பாளினி கேட்க, "என் பொண்ணுக்குத்தான்" என்றாள் அம்மா. பாட்டைப் போட்டார்கள். பழைய பாட்டு, நீளமான பாட்டு. இரண்டு சரணமும் முடிகிறவரை நாங்கள் நாலு பேரும் அசையாமல் உட்கார்ந்து கேட்டோம். அந்த ஜன்னலில் அம்மா ஸ்டூலில் ஏறிக் கோப்பைகளை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்ல பாட்டு" என்றாள் அத்தை, கடைசியில்.

மெக்கானிக் அண்ணன் மூக்கால் சிரித்தார். "சும்மா இருடா" என்று அத்தை அதட்டினாள்.

சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆக வேண்டும். "அம்மா உங்க எல்லாரையும் டீக்குக் கூப்பிட்டாங்க" என்றேன்.

"பின்ன, போகாம?" என்று டெய்லர் அக்கா முதல் ஆளாகக் கிளம்பினாள்.

அம்மா தலை வாரிப் பொட்டு மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். முகம் அப்படிப் பளபளத்தது. எனக்குப் பின்னால் ஒவ்வொருவராக வருவதைப் பார்க்கப் பார்க்க அந்தப் பளபளப்பு வடிந்தது. ஊர் உலகத்திடம் பேசியவளுக்கு எதிர்வீடு மறந்துபோயிருக்கிறது. என்னை அங்கே அனுப்பியதும் அவள்தான்.

"வாங்க வாங்க" என்றாள். குரல் அவளுடையதாக இல்லை.

டீ நன்றாகத்தான் இருந்தது. எல்லோரும் குரலைப் புகழ்ந்தார்கள். லாரியும் டீயும் பற்றிச் சொன்னதை மெக்கானிக் அண்ணன் இரண்டு தடவை நடித்துக் காட்டினார். அம்மா ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் அவசரமாக பிஸ்கட் தட்டை நீட்டினாள். தட்டு நீட்டியபடியே இருந்தால் வேறு பேச்சு வராது என்று நினைத்தாள் போல.

டெய்லர் அக்கா ஒரு பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"ஏங்க்கா, இன்னைக்குக் காலேஜ் சீக்கிரமே விட்டுட்டாங்களா?"

மெக்கானிக் அண்ணனுக்குப் புரையேறியது. அம்மாவின் வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. "படிப்பை விட்டவள்னு டிவியில சொன்னா எனக்கு வெக்கமா இருக்கும்னு, நான்தான் சொல்லச் சொன்னேன்."

இதற்கு மேல் அம்மா ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். "விடுங்க" என்று சொல்லியிருக்கலாம். நான் நீட்டிய கையை அவள் பிடித்துக்கொண்டாள், சரி. பிடித்த கையாலேயே என்னை அடித்த மாதிரி பேசினாள்.

"பின்ன? நான் பொய் சொல்ற ஆளா?" என்றாள். பழைய குரல் திரும்பிவிட்டது. "இவதான் கையப் புடிச்சுக் கெஞ்சினா, 'என் மானத்த வாங்கிடாதம்மா'ன்னு. படிடின்னு தலையால தண்ணி குடிச்சேன், கேட்டாளா? பேரு மட்டும் வேணும் மகாராணிக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கும் அந்தச் சிரிப்பு தேவையாக இருந்தது. "அடிப்பாவி, கமுக்கமா இருந்துக்கிட்டு என்ன வேலை பாத்திருக்கா!" என்று டெய்லர் அக்கா என் தொடையில் தட்டினாள். "சின்னப் பொண்ணு, விடு" என்றாள் அத்தை. நானும் சிரித்தேன். முகம் எரிந்தது. செய்யாத காரியத்துக்கு வெட்கப்பட்டால் அது பாதியளவாவது குறைவாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை.

அப்புறம் அவர்கள் கேட்க, அம்மா பாடினாள். இன்னொரு சுற்று டீ போட நான் உள்ளே போய்விட்டேன். "இனிமே ஞாயித்துக்கிழமை வந்துடுவோம்" என்று அத்தை சொன்னது அடுப்படிக்குக் கேட்டது.

வெயில் இறங்கியபோது அப்பா போன் செய்தார். ரோட்டோரக் கடையில் டிவி ஓடியதாம். கூட இருந்த டிரைவர்கள் எல்லாம் கைதட்டினார்களாம். அம்மா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கோப்பைகளைத் துடைத்தபடி சிரித்துச் சிரித்துப் பேசினாள். அப்புறம் துடைப்பது நின்றது.

"அதுவா" என்றாள். "அது இவதான் அப்படிச் சொல்லச் சொன்னா."

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"சத்தியமாங்க. வேணும்னா நீங்களே கேளுங்க" என்று சுவரைப் பார்த்துக்கொண்டே போனை என்னிடம் நீட்டினாள்.

அப்பாவுக்குப் பின்னால் லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன. "நிஜமாவாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா."

"உனக்குள்ள இப்படி ஒரு ஆசை இருக்குன்னு எனக்குத் தெரியாம போச்சே" என்றார். "படிப்பே வேணாம்னு வெறுத்துட்டேன்னு நெனச்சேன். வீட்டுல இருந்தே பரீட்சை எழுதலாமாம், இங்க ஒருத்தர் பொண்ணு எழுதியிருக்கு. நான் வந்ததும் சேத்துவிடறேன். நீ வெக்கப்படாதம்மா. ஒரு வார்த்தை கேக்காம விட்டுட்டேனே, வெக்கப்பட வேண்டியவன் நான்தான்."

ஆசை இல்லை என்று சொன்னால் அம்மா அவரிடம் சத்தியமிட்டது பொய்யாகிவிடும். இருக்கிறது என்று சொன்னால் அது அடுத்த பொய். அல்லது பொய்யில்லையோ என்னவோ, அதுவும் எனக்குத் தெரியவில்லை.

"நீங்க வாங்கப்பா, பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டேன்.

"என்னடி சொன்னார்?" என்றாள் அம்மா.

"என்னைச் சேத்துவிடறாராம். இத்தனை நாளா கேக்காம விட்டதுக்கு அவருக்கு வெக்கமா இருக்காம்."

"அவருக்கு எதுக்குடி..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்தாள். பிறகு அதைக் கீழே வைத்தாள்.

"அவர் வந்ததும் நானே சொல்லிடறேன்."

"என்னன்னு?"

இருட்டிக்கொண்டு வந்தது. பிசிறு வெட்ட இன்னும் பாதிக்கட்டு மிச்சமிருந்தது. நான் விளக்கைப் போட எழுந்தேன்.

"போடாதடி" என்றாள் அம்மா. "கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்."