பை இல்லாததன் பயன்கள்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் சகலையின் கடையில் பிறந்தது. அவர் வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கிறவர். பை இல்லாத ரோபோ வாக்குவம் கிளீனர் புதிதாக வந்து இறங்கியிருந்தது. அதற்கு ஒரு துண்டுப் பிரசுரம் எழுதித் தரச் சொன்னார்.

"நீங்கதான் எழுத்தாளராச்சே சகல. சிறப்பம்சம், பயன்கள்னு ஒரே ஒரு பக்கம். உங்களுக்கு இதெல்லாம் ஊதித் தள்ளுற வேலை."

மறுத்தால் அவர் வீட்டில் அக்காவுக்கும் என் வீட்டில் தங்கைக்கும் பதில் சொல்லி மாளாது. ஒத்துக்கொண்டேன். முதல் வரி இப்படி வந்தது:

பை இல்லாத ரோபோ வாக்குவம் கிளீனர் உங்கள் இல்லத்தின்

இல்லத்தின் என்ன? விளக்கா, தூணா? விட்டுவிட்டேன். இரண்டாவது முயற்சி:

தூசி என்பது மனிதன் தன்னையறியாமல்

இது எனக்கே சகிக்கவில்லை. மூன்றாவது:

பெட்டியைப் பார்த்ததும் அந்தப் பெரியவருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

யார் அந்தப் பெரியவர்? சத்தியமாக எனக்கும் தெரியாது. ஆனால் மற்ற இரண்டு வரிகளைப் போல இது நடுவழியில் நின்றுவிடவில்லை. முற்றுப்புள்ளிவரை வந்து சேர்ந்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே அவரை வைத்துக்கொண்டேன்.

2. சிறப்பம்சம்: பை கிடையாது

பழைய வகை இயந்திரங்களில் உள்ளே ஒரு பை இருக்கும். தூசியெல்லாம் அதற்குள் போகும். நிறைந்ததும் பையோடு தூக்கிப் போட்டுவிட்டு, புதுப்பை வாங்கி மாட்ட வேண்டும். இதில் அந்தத் தொல்லை இல்லை. பைக்குப் பதில் கண்ணாடிபோல ஒரு பிளாஸ்டிக் பெட்டி. கழற்றினோமா, குப்பைத்தொட்டியில் தட்டினோமா, திரும்ப மாட்டினோமா, அவ்வளவுதான். உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கடைசி விஷயம்தான் பெரிய பயன் என்றார் சகலை. பெரியவர் அப்படி நினைக்கவில்லை.

இனி அவரை மாமனார் என்றே சொல்கிறேன், ஏனென்றால் கதைக்கு முக்கியமானவள் அவருடைய மருமகள். மாமனார் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். உடம்பில் சர்க்கரை ஏகத்துக்கும் உண்டு. மருமகளோ மருந்துக் கடையில் மருந்தாளர். அவர் தட்டில் விழுவதையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள். அவருடைய கட்டிலுக்கு அடியில், பழைய ஷூ பெட்டிக்குள் க்ரீம் பிஸ்கட் இருப்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

(மகன் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். வீட்டில் நடக்கும் எதுவும் அவன் கண்ணில் படாது. கொஞ்சம் மலிவான கிண்டல்தான், ஒப்புக்கொள்கிறேன். வேறு வேலை கொடுத்துப் பார்த்தேன். ஒட்டாமல் திரும்ப இதற்கே வந்துவிட்டான்.)

இயந்திரத்தை வாங்கி வந்தது மகன். அது ஓடத் தொடங்கியதும் ஆளாளுக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வழிவிட்டார்கள். அது எங்கே வேண்டுமானாலும் முட்டியது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வேலை முடிந்ததோ இல்லையோ, தன் இடத்துக்குப் போய் ஜம்மென்று உட்கார்ந்து சார்ஜ் ஏற்றிக்கொண்டது.

"இது மெஷின் இல்லடா, மாப்பிள்ளை," என்றார் மாமனார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

3. சிறப்பம்சம்: கட்டிலுக்கு அடியிலும் போகும்

துடைப்பம் எட்டாத இடத்துக்கெல்லாம் மாப்பிள்ளை போனது. முதல் நாளே கட்டிலுக்கு அடியில் புகுந்து, வெகு நேரம் வெளியே வராமல், திருப்தியாகச் சுற்றியது. வெளியே வந்தபோது பெட்டிக்குள் பழுப்பு நிறத் துகள்களும் வெள்ளை க்ரீமும் பளிச்சென்று தெரிந்தன. மாமனாருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. (பார்த்தீர்களா, மூன்றாவது வரிக்கு இப்போதுதான் இடம் கிடைத்தது.) நல்லவேளை, மருமகள் இன்னும் வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. ஓடிப்போய்ப் பெட்டியைக் கழற்றித் தட்டிவிட்டார்.

இரவுச் சாப்பாட்டின்போது மகனிடம் மெல்லப் பேச்சை எடுத்தார்.

"ஏண்டா, போன்ல கோடு போட்டா மாப்பிள்ளை அந்தப் பக்கம் போகாதாமே? என் கட்டிலச் சுத்தி ஒரு கோடு போட்டு விடேன்."

"ஏம்ப்பா?"

"சத்தம்டா. தூக்கம் கெடுது."

"அது ஓடுறப்ப நீங்க ஹால்ல டிவி பாத்துக்கிட்டு இருப்பீங்களே மாமா," என்றாள் மருமகள். "கட்டிலுக்குக் கீழதான் தூசி அடையும். அங்க கண்டிப்பா போகணும். தினமும் வந்து பெட்டியை நானே பாத்துக் கொட்டுறேன்."

அன்றிலிருந்து மாமனாருக்கு ஒரு வேலை வந்து சேர்ந்தது. மத்தியானம் மாப்பிள்ளை ஓடி முடித்ததும் பெட்டியைக் கழற்றுவார். உள்ளே இருப்பதைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டித் தெருமுனைத் தொட்டியில் போடுவார். பெட்டியைத் துணியால் துடைப்பார். சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று ஜன்னல் விளிம்பிலிருந்து ஒரு சிட்டிகை தூசி வழித்து உள்ளே போட்டு மாட்டிவிடுவார். பிஸ்கட்டை விட்டுவிடலாமே என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டேன். என்னை அவர் ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

"பரவாயில்லையே மாமா, நம்ம வீடு இவ்வளவு சுத்தமா!" என்பாள் மருமகள், சாயங்காலம் பெட்டியைத் தூக்கிப் பார்த்து.

"எல்லாம் நீ வெச்சிருக்கிற மாதிரிதாம்மா," என்பார் இவர், அசடு வழிய.

இதுவரை எழுதியதைச் சகலையிடம் படித்துக் காட்டினேன். முகம் சுண்டிவிட்டது.

"சகல, நம்ம மெஷின் நாள் முழுக்க ஓடி ஒரு சிட்டிகை தூசிதான் எடுக்குதுன்னு வருதே. எவன் வாங்குவான்?"

"பின்னாடி சரியாயிடும்," என்றேன். எப்படிச் சரியாகும் என்று எனக்கே அப்போது தெரியாது.

4. சிறப்பம்சம்: பிரஷ்ஷைத் தனியே கழற்றலாம்

இந்த இடத்தில் மருமகளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். முதலில் அவளைச் சிடுசிடுப்பானவளாகத்தான் எழுதினேன். சிரிப்புக் கதைக்கு ஒரு கெடுபிடி மருமகள் வசதி. ஆனால் "தினமும் நானே பாத்துக் கொட்டுறேன்" என்று அவள் சொன்ன வரியைத் திரும்பப் படித்தபோது உறுத்தியது. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வருகிறவள், வந்ததும் தூசிப் பெட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி எதற்காகப் பார்க்க வேண்டும்? அவள் எதையோ தேடுகிறாள் என்று பட்டது. என்ன என்பதை அவளிடம் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

மாமனார் அவளைப் பற்றி அவ்வளவெல்லாம் யோசிக்கவில்லை. பெட்டியில் சேர்கிற முடி போதாதென்று பிரஷ்ஷிலும் சுற்றிக்கொள்கிறதே என்பதுதான் அவர் கவலை. நீளமான கறுப்பு முடி. கத்தரிக்கோலால் வெட்டி, இழுத்து, பிஸ்கட் துகளோடு சேர்த்துப் பொட்டலம் கட்டிவிடுவார். நாளாக ஆக முடி கூடியது. 'மாப்பிள்ளை கொஞ்சம் கண்டதையும் தின்கிறார்' என்று நினைத்துக்கொண்டார். அந்த வீட்டில் நீள முடி ஒருத்திக்குத்தான் உண்டு என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். பெண்களுக்கு முடி உதிரத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார். நானும் அதை விட்டுவிட்டு அடுத்த சிரிப்புக்கு இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை. மகன் கிளம்பிப் போயிருந்தான். மாமனார் டீ குடித்துக்கொண்டிருந்தார். மருமகள் முடியை இறுக்கிக் கட்டியபடியே எதிரில் உட்கார்ந்தாள். அவள் அவர் எதிரில் உட்கார்வதே அபூர்வம்.

"உங்க மாப்பிள்ளை எனக்கு ஒரு உபகாரம் பண்ணிட்டார் மாமா."

"என்னம்மா?"

"கொஞ்ச நாளா முடி கொத்துக் கொத்தா கொட்டுற மாதிரி இருந்துச்சு. படி ஏறினா மூச்சு வேற வாங்குது. யார்கிட்டயும் சொல்லல. நாளைக்கு டாக்டரைப் பாக்க நேரம்கூட வாங்கி வெச்சிருந்தேன். ஆனா தினமும் பெட்டியைப் பாக்குறேனே, ஒரு முடிகூட இல்ல. கொட்டுனா அதுல வரணும்ல? நான்தான் மனசைப் போட்டுக் குழப்பிக்கிட்டிருக்கேன். சாயங்காலம் வந்து போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடுறேன். லீவும் மிச்சம்."

அவள் சிரித்தாள். பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மாமனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் கிளாஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

எனக்கும் அதே நிலைமைதான். வேடிக்கையாகப் போய்க்கொண்டிருந்த கதை, இப்படிக் காலை வாரிவிடும் என்று யார் கண்டது?

5.

[இந்த இடத்தில் அவளுக்கு என்ன நோய் என்று எழுத ஒரு வரி இடம் விட்டிருந்தேன். அதை எடுத்துவிட்டேன். மோசமானதை நினைத்துக்கொண்டு கண்ணைக் கசக்கும் வாசகர்களே, கொஞ்சம் பொறுங்கள். இரத்தக் குறைவாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், வெறும் அலுப்பாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தானே டாக்டர் இருக்கிறார். அவள் அவரைப் போய்ப் பார்க்க வேண்டும். இந்தக் கதைக்கு இப்போது வேண்டியது அது ஒன்றுதான்.]

6. முடிவுகள்

அ. மாமனார் மகனுக்குப் போன் செய்கிறார். "அப்பா, கஸ்டமர் கண்ணுல மருந்து விட்டு உக்கார வெச்சிருக்கேன். அப்புறம் பேசுறேன்," என்று வைத்துவிடுகிறான். இந்த முடிவு அதோடு முடிந்தது.

ஆ. மாமனார் அன்றைய பெட்டியைக் கழற்றுகிறார். செய்தித்தாளை விரித்து எல்லாவற்றையும் கொட்டி, மருமகள் புருவம் திருத்தும் இடுக்கியை எடுத்துவந்து, முடியையும் பிஸ்கட் துகளையும் தனித்தனியாகப் பிரிக்க உட்காருகிறார். துகளை எறிந்துவிட்டு முடியை மட்டும் பெட்டியில் வைத்தால் போதுமே! அவள் பார்ப்பாள், டாக்டரிடம் போவாள், ஷூ பெட்டியும் பத்திரமாக இருக்கும். எனக்கு இந்த யோசனை மிகவும் பிடித்திருந்தது. ஆனால் க்ரீம் முடியோடு பிசின்போல ஒட்டிக்கொண்டிருந்தது. அவரும் விடாமல் நோண்டினார். பாதியில் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார். பிரிக்க முடியாததால் அல்ல. இத்தனை நாள் ஒன்றுமே இல்லாத பெட்டியில் இன்றைக்கு மட்டும் முடி இருந்தால், 'ஏதோ ஒரு நாள்' என்று அவள் தள்ளிவிடுவாள். தினமும் இருந்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அதைச் சொன்னால், தினமும் கொட்டியது யார் என்றும் சொல்ல வேண்டும். எதற்காகக் கொட்டினார் என்றும்.

இ. சகலை சொன்னது: "மருமக டாக்டர்கிட்ட போறா, ஒண்ணுமில்லன்னு வருது. சந்தோஷத்துல மாடிக்கு இன்னொரு மெஷின் வாங்குறாங்க! ஆச்சரியக்குறி போடுங்க சகல."

"அந்த வீட்டுக்கு மாடியே கிடையாதே."

"கட்டிடுங்க. கதைதானே!"

7.

மாடி கட்டவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

மாமனார் எல்லாவற்றையும் அள்ளித் திரும்பப் பெட்டிக்குள் போட்டார். துகள், க்ரீம், முடி, எல்லாம். அதைச் சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்த ஷூ பெட்டியையும் எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெட்டியைப் பறிகொடுத்த மாப்பிள்ளை மூலையிலிருந்து "தூசிப் பெட்டியைப் பொருத்தவும், தூசிப் பெட்டியைப் பொருத்தவும்" என்று ஓயாமல் கத்தியது. "பொறுடா, எனக்கே இங்க உதறுது," என்றார் அதனிடம்.

அவருக்கு மருமகளிடம் பயம் உண்டு. பயத்தைவிடப் பாசம் அதிகம். பயத்தைத்தான் தினமும் காட்டிக்கொண்டிருந்தார். பாசத்தை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

மருமகள் உள்ளே வந்தாள். டாக்டருக்குப் பேச போனைக் கையிலேயே வைத்திருந்தாள். மேஜையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். முதலில் ஷூ பெட்டியைத் திறந்தாள். பிறகு தூசிப் பெட்டியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். க்ரீம் கண்ணில் பட்டதும் முகம் கடுகடுவென்று ஆனது. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். முகம் மாறியது.

"மாமா," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "இது எத்தனை நாளா?"

"தினமும்மா. பிஸ்கட்டும் தினமும். முடியும் தினமும். நீ வர்றதுக்கு முன்னாடி நான்தான் கொட்டிக்கிட்டு இருந்தேன்."

அவள் போனை மேஜையின் மேல் கவிழ்த்து வைத்தாள். அன்று மாலை டாக்டருக்கு யாரும் போன் செய்யவில்லை. இது நான் எழுதியது. இதை யாரும் மாற்றக் கூடாது, சகலையும் சேர்த்துத்தான்.

அடுத்து அவள் வாயைத் திறந்து சொல்லப்போவதை உங்களிடம் விடுகிறேன். நான் எழுதினால் அவளை உடனே மன்னிக்க வைத்துவிடுவேன், எனக்கு அந்த பலவீனம் உண்டு. அவருக்கோ இன்றைக்கு வயிறு நிறையத் திட்டு வாங்க வேண்டும்போல இருக்கிறது. தாராளமாகத் திட்டவையுங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: அவள் எவ்வளவு திட்டினாலும், நடுவில் அழுதாலும், அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்து போய்விடக் கூடாது.