வால் கூண்டுக் கதவு

கோடரி நாலாவது முறை இறங்கியபோதுதான் கதவிலிருந்து ஒரு சில்லு பெயர்ந்தது. ட்ரெவர் கட்ஃபோர்த் தன் கையாலேயே இழைத்து மாட்டிய ஓக் கதவு அது. "இத உடைக்கணும்னா டிராக்டர்தான் வரணும்" என்று மாட்டிய அன்று மனைவியிடம் பீற்றிக்கொண்டிருந்தான். இப்போது அந்தப் பெருமையை அவனே கொத்திக்கொண்டிருந்தான்.

உள்ளே, குளியலறையில், அவன் அப்பா வில்ஃப் விழுந்து கிடந்தார். சவரம் செய்யப் போனவர். தடாலென்று ஒரு சத்தம், கண்ணாடி நொறுங்கும் சத்தம், அப்புறம் முனகல். கதவைத் தள்ளினால் அரை அங்குலம்கூட அசையவில்லை.

"அப்பா! தாழ்ப்பாள எடுத்துத் தொலையேன்!"

"ஆம்புலன்ஸ் லிங்கன்லேருந்து வரணுமாம். அரை மணி ஆகும்ங்கறான்," என்று மாடிப்படியில் நின்று அவன் மனைவி மொரீன் கத்தினாள். "தாழ்ப்பாள் பக்கமா வெட்டு, ட்ரெவ்!"

அவன் மூச்சு வாங்க நின்றான். உடனே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நிறுத்தாத. அடிச்சுக்கிட்டே இரு."

அப்பா கெஞ்சி ட்ரெவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் வாயில் கட்டளை வரும், வசவு வரும், பீர் நாற்றம் வரும். கெஞ்சல் வந்ததில்லை.

"எங்க போயிட்ட? அடிடா! சத்தம் வரட்டும்!"

அவன் வெறி பிடித்தவன்போல் அடித்தான். ஆறாவது ஏழாவது அடியில் ஒரு பலகை பிளந்து உள்ளே விழுந்தது. அந்த ஓட்டை வழியாக ஒரு கை வந்தது. ரத்தமும் சோப்பு நுரையுமாக இருந்த அந்தக் கை காற்றைத் துழாவி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. மரம் அறுக்கிறவனுடைய மணிக்கட்டையே வலிக்க வைக்கும் பிடி.

"வந்துட்டியா, வில்ஃப்," என்றார் வில்ஃப்.

கிழவர் தன் பெயரையே சொல்லித் தன்னைக் கூப்பிடுகிறாரே என்று அந்த நேரத்திலும் அவனுக்குத் தோன்றியது. அதற்குள் பிடி தளர்ந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

கதவை முழுதாகப் பெயர்த்து உள்ளே போனபோது, குளியல் தொட்டிக்கும் கதவுக்கும் நடுவே கட்டைபோல் இறுகிக் கிடந்தார். நெற்றி பிளந்திருந்தது. உயிர் இல்லை. பித்தளைத் தாழ்ப்பாள் திறந்தேதான் இருந்தது. கதவை அடைத்துக்கொண்டிருந்தது அவருடைய உடம்புதான்.

*

வில்ஃபின் பழைய வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் ட்ரெவர் பிறப்பதற்கு முன்பே பிடுங்கி எறிந்துவிட்டார். அந்த ஒன்று கழிவறையில் இருந்தது, அம்மா அழுது கேட்டு விட்டுவைத்தது. ஒன்பது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெல்ட்டுக்குப் பயந்து ட்ரெவர் அதற்குள் ஓடித் தாழிட்டுக்கொண்டான். வெளியே அப்பா கத்தினார். அவன் பதில் சொல்லவில்லை, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டான். அடுத்த நிமிடம் கோடரி கதவைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்தது. அதன் முனை அவன் இடது தோளில் ஓர் அங்குலம் இறங்கியது. அப்பா உள்ளே பாய்ந்து, ரத்தம் வழிய வழிய அவனைத் தூக்கி, நெஞ்சு எலும்பு நொறுங்கும்படி இறுக்கி, யாரோ டகி என்றவன் பெயரைச் சொல்லி ஊளையிட்டார். அப்புறம், ஏன் தாழ் போட்டாய் என்று பெல்ட்டாலும் விளாசினார். கொடுக்க வந்ததைக் கொடுக்காமல் போகும் ஆள் இல்லை அவர்.

அன்றைக்கு ட்ரெவர் ஒன்று முடிவு செய்தான். இந்த மனிதன் செத்தால் இந்தத் தோளில் தூக்க மாட்டேன். முப்பது வருஷத்தில் அந்த முடிவு ஒரு நூல்கூட இளகவில்லை. சொந்த வீடு கட்டியபோது எல்லாக் கதவுக்கும் பித்தளைத் தாழ்ப்பாளாக வாங்கி மாட்டினான். அப்பாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டிவந்த இந்த நாலு வருஷமும், அவர் பார்க்கும்படி அவற்றைச் சத்தமாகத் தள்ளிப் பூட்டினான்.

ஊருக்கு அவர் வேறு ஆள். பழைய விமானத்தளம் இப்போது பீட்கிழங்கு வயல். அதன் ஓரத்து நினைவுக் கல்லில் குண்டுவீச்சு விமானங்களின் பெயர்களும் போரிலிருந்து திரும்பாதவர்களின் பெயர்களும் வெட்டியிருந்தன. வருஷா வருஷம் அங்கே கொம்பு ஊதும்போது வில்ஃபை முதல் வரிசையில் நிறுத்துவார்கள். 'காத்லீன்' என்ற லான்காஸ்டர் விமானத்தின் முதுகுக் கூண்டில் உட்கார்ந்து சுட்ட துப்பாக்கிக்காரர். பதினேழு முறை ஜெர்மனிக்குப் போனவர். ஊருக்குப் பதக்கம், வீட்டுக்கு பெல்ட் என்று ட்ரெவர் சொல்வான்.

*

அடக்கத்தன்று காலை பெட்டி முன்னறையில் திறந்து கிடந்தது. அடக்க ஏற்பாட்டாளர் ஹெட்லி, கூலிக்குத் தூக்கும் ஆறு பேரை வெளியே நிறுத்தியிருந்தார். மகன் தோள் கொடுக்கவில்லை என்றதும் அவர் முகம் சுளித்தது.

பத்து மணிக்குக் குள்ளமான ஒரு கிழவர் வந்தார். சிரில் பாஸ்க், காத்லீன் விமானத்தின் வானொலிக்காரர். கொண்டுவந்த படத்தைப் பெட்டியின் காலடியில் வைத்தார். விமானத்தின் மூக்குக்குக் கீழே ஏழு இளைஞர்கள் சிரித்தார்கள்.

"எங்கள ஒரு கொட்டகையில அடைச்சு, விமானத்துக்கு ஏழு பேரா நீங்களே சேந்துக்குங்கன்னுட்டான் தம்பி, டான்ஸ் ஹால்ல பொண்ணு தேடற மாதிரி. உங்கப்பா நேரா டகிகிட்டப் போயி, ஒன் மூஞ்சி சிரிச்ச மூஞ்சியா இருக்கு, வான்னான். அதோ, ஓரத்துல நிக்கறான் பாரு. வால் துப்பாக்கிக்காரன், விமானத்தோட வால்ல இருக்கற கூண்டுல உக்காந்து சுடறவன்."

"டகியா?" என்றான் ட்ரெவர்.

சிரில் அவன் முகத்தையே பார்த்தார். அப்புறம் வாயிலிருந்து பல் செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"இது உங்கப்பன் குடுத்தது," என்றார் பொக்கை வாயால். திரும்ப மாட்டிக்கொண்டார். "கோடரிப் பிடியால ஒரே போடு. நாலு பல்லு."

"எதுக்கு?"

"கடைசித் தடவ போனப்ப விமானத்தோட இறக்கை பத்திக்கிச்சு. எல்லாரையும் குதிக்கச் சொல்லிட்டான் பைலட். வால் கூண்டு பக்கவாட்டுல திரும்பி மாட்டிக்கிட்டதால அந்தக் கதவத் தொறக்க வழியில்ல. டகி உள்ள. நான் பின்னால வந்தப்ப உங்கப்பன் கோடரியால தகரத்தக் கொத்திக்கிட்டிருந்தான். தீ முட்டி வரைக்கும் வந்தாச்சு. கை தோல் உரிஞ்சு பிடியில ஒட்டியிருந்தது. வெட்டி முடிக்க முடியாதுன்னு மூணு பேருக்குமே தெரியும்."

"அப்புறம்?"

"டகி உள்ளேருந்து கத்தினான். நிறுத்தாத, அடிச்சுக்கிட்டே இருன்னு. சத்தம் வந்தா போதும்னு. பத்தொம்பது வயசு. தனியாச் சாகப் பயம், வேற என்ன?"

ட்ரெவரின் மணிக்கட்டில் அப்பாவின் அந்தப் பிடி இன்னும் இருந்தது.

"நான்தான் இழுத்தேன்," என்றார் சிரில். "பல்லு போனதும் எனக்கும் வெறி வந்துட்டுது. கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளிட்டு நானும் குதிச்சேன். கோடரிச் சத்தம் நின்னுபோச்சு. ஜெர்மன்காரன் சிறையில ரெண்டு பேரும் ஒரே கொட்டகை. ஒரு வருஷம் எங்கூடப் பேசல. அப்புறமும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். அந்தச் சத்தம் நின்னப்ப டகி என்ன நெனச்சிருப்பான்னு."

வெளியே தூக்க வந்தவர்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். மொரீன் போய் அடக்கினாள்.

"என்னைய பெல்ட்டால அடிச்சதுக்கும் அதுதான் காரணமா?" ட்ரெவரின் குரல் உடைந்து கோபமாக வந்தது. "வாராவாரம் அடிச்சாரு, சார். எங்கம்மாவையும்."

சிரில் தலையை ஆட்டினார். "அத இது மேல போட முடியாதுப்பா. ஆள் சேந்த அந்தக் கொட்டகையில பாத்த அன்னிக்கே அவன் முரடன்தான்."

அந்தப் பதில் பொய்யாக இல்லை. அதனால்தான் ட்ரெவரால் அதன்மேல் கோபப்பட முடியவில்லை. அப்பாவின் நெற்றித் தையலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஹெட்லி கடிகாரத்தைப் பார்த்தபடி உள்ளே வந்தார். "கோவில்ல காத்திருப்பாங்க. மூடிரலாமா?"

ட்ரெவர் தலையசைத்தான். மூடி இறங்கியது. ஹெட்லி திருப்புளியை எடுத்ததும் ட்ரெவர் கை நீட்டி அதை வாங்கிக்கொண்டான். முதல் திருகாணியை இரண்டு சுற்று சுற்றினான். நிறுத்தினான். அடுத்ததையும் இரண்டே சுற்று. ஆறையும் அப்படியே.

"இன்னும் முடுக்கணும், ட்ரெவர்," என்றார் ஹெட்லி தணிந்த குரலில். "போற வழியில ஆடும். மூடி கெளம்பிடும்."

"ஆடாது."

"தச்சனுக்கு நான் சொல்லணுமா? இது உள்ளேருந்து ஒரு தள்ளு தள்ளினாலே..." ஹெட்லி பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ட்ரெவர் திருப்புளியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். வெளியே போய், முன்வரிசையில் நின்ற ஆளின் தோளைத் தட்டி அவனை விலகச் சொன்னான். திரும்பி வந்து குனிந்து, பெட்டியை இடது தோளில் வாங்கிக்கொண்டான். வாசல் தாண்டி, கல் பாவிய நடையில் இறங்கியதும், பெட்டியை அணைத்திருந்த கையின் விரல் கணுவால் அதன் பக்கவாட்டில் ஒருமுறை தட்டினான். நாலடி நடந்து இன்னொருமுறை தட்டினான். கோவில் வாசல்வரை அந்தச் சத்தம் நிற்கவில்லை.