ஞானத்தகப்பன் சொந்தமா?

மணிலாவிலிருந்து வந்த வக்கீலம்மா, நிறுவனத்தின் ஒழுக்க விதிகளைத் திரையில் ஓட்டி முடித்து, "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டார். எந்த வருஷமும் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. எல்லோர் கண்ணும் பின்னால் மூடிவைத்திருந்த பன்சித் நூடுல்ஸ் மேல்தான்.

லிகாயா எழுந்தாள். பிஸ்கட் கம்பெனியின் லகூனா ஆலையில், வாங்கும் அட்டைப்பெட்டிகளைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை.

"சொந்தக்காரங்க நமக்குச் சரக்கு குடுத்தா மறைக்காம சொல்லணும்னு போட்டிருக்கீங்க. ஞானத்தகப்பன் சொந்தமா, இல்லையா மேடம்?"

"கல்யாணக் கிறுக்கு பிடிச்சிருச்சு இவளுக்கு!" என்று யாரோ கத்த, கூடமே சிரித்தது. சிரிப்பு சீக்கிரம் அடங்கியும் போனது. சரக்கு போடுகிற ஆள் ஒருவரைத் தன் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நிறுத்தாதவர்கள் அங்கே குறைவு.

"பட்டியல்ல ரத்த உறவும் கல்யாண உறவும்தான் இருக்கு," வக்கீலம்மா இழுத்தார். "ஆனா..."

"கேட்டியா? சொந்தம் இல்லையாம். உக்காரும்மா, சாப்பாடு ஆறுது," என்றார் ரெஸ்டி சார். கொள்முதல் மேலாளர்; அவளுக்கு மேலதிகாரி.

லிகாயாவுக்கு அடுத்த சனிக்கிழமை கல்யாணம்; அந்த ஊரில் கல்யாணத்துக்கும் ஞானத்தகப்பன்மார் நிற்பார்கள். பட்டம் வாங்கிய பெண்ணுக்குப் பெரிய மனிதர்கள் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்று, சந்தையில் கீரை விற்கும் அம்மா பழக்கூடையோடு, கம்பெனிக்கு அட்டைப்பெட்டி போடும் ஆலைக்காரர் மாங் இஸ்கோ வீட்டுக்கே போய்க் கேட்டுவிட்டாள். மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் தலையாட்டிவிட்டார். அவர் அனுப்பிய புதுப் பெட்டிகளோ ஈரத்தில் வைத்துப் பார்த்ததும் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டன. "மழைக்கு முன்னாடி கடைக்குப் போயிடும், பாஸ் போடு," என்றிருந்தார் ரெஸ்டி சார்.

"அவரை வேண்டாம்னு சொல்லப்போறேன்," என்றாள் லிகாயா, அன்று மாலை அம்மாவிடம்.

"ஏண்டி, கூப்பிட்ட ஞானத்தகப்பனை யாராவது வேண்டாம்பாங்களா? குடும்பம் விளங்குமா? கம்பெனிச் சட்டத்தை வீட்டுக்குள்ள கொண்டு வராதே!"

"கம்பெனிக்காரரை வீட்டுக்குள்ள கொண்டு வந்தது நீ!"

அவள் போனபோது மாங் இஸ்கோ தன் கிடங்கு வாசலில் விசிறிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் வாடியது. "உங்கம்மா கையைப் பிடிச்சுக் கேட்டாங்க. நானா வந்து நின்னேன்?"

அது உண்மைதான். அதனால் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"உங்க பெட்டி ஃபெயில். நாளைக்கு அதைத்தான் எழுதுவேன். எழுதிட்டு வந்து, உங்க கையை நெத்தியில வெச்சு ஆசி கேக்கணுமா நான்?"

அவர் சிரித்துவிட்டார். "எழுது பிள்ளே. ரெஸ்டியோட பிள்ளைங்க எல்லாத்துக்கும் நான்தான் ஞானத்தகப்பன். நீ ஃபெயில் போட்டா அவன் பாஸ் போடுவான். நீ எதுக்கு வீணா கெட்ட பேர் வாங்கிக்கறே?"

மறுநாள் காலை அவள் சோதனை முடிவை எழுதி வக்கீலம்மாவுக்கே அனுப்பினாள். தன் வீடு கேட்டதையும் எழுதினாள், ரெஸ்டி சார் வீட்டு உறவையும் எழுதினாள். இரண்டுமே ஊரறிந்தவை. எழுதியதுதான் குற்றமாகிவிட்டது. காப்பி இயந்திரத்தருகே அவள் வந்தால் பேச்சு நின்றது.

பெட்டிகள் திரும்பிப் போயின. ரெஸ்டி சாரிடமிருந்து அந்தக் கொள்முதலைப் பிடுங்கினார்கள். பிறகு வக்கீலம்மா அவளையும் கூப்பிட்டார்.

"நீ எழுதறதுக்கு முந்தின நாள் வரைக்கும் உனக்கும் அந்த உறவு இருந்திருக்கே. விசாரணை முடியற வரைக்கும் நீ சோதனை பண்ணக் கூடாது. கிடங்குல இரு. நியாயம்தானே?"

"நியாயம்தான் மேடம். அன்னைக்குக் கூடத்துல வாய மூடிட்டு இருந்தவங்க எல்லாம் அவங்கவங்க நாற்காலியிலயேதான் இருக்காங்க. அது?"

வக்கீலம்மா கிடங்கு உத்தரவை அவள் பக்கம் நகர்த்தினார்.

சனிக்கிழமை வரை அம்மா பேசவில்லை. கோயிலில் ஞானத்தகப்பன்மார் வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. "பெரிய மனுஷன், கடைசி நேரத்துல கழட்டி விட்டுட்டாரா?" என்று சந்தைக்காரி ஒருத்தி இளித்தாள்.

"அவர் யாருடி கழட்டி விட? நாங்கதான் வேண்டாம்னுட்டோம்," என்றாள் அம்மா, கோயில் முழுக்கக் கேட்கிற குரலில். மகள் பக்கம் மட்டும் திரும்பவில்லை.