கல் தோணி போன திசை

காதர் மைதீன் படகின் சுக்கானைக் கிழக்கே திருப்பியதும், கீழே இயந்திரத்தருகே இருந்த அப்துல் அலீம் நிமிர்ந்து பார்த்தான்.

முந்தைய நாள் பிற்பகல், 1908 நவம்பரின் கடைசி வாரத்தில், புலாவ் உபின் தீவிலிருந்து சாலைக் கருங்கல் ஏற்றி, இழுவைப் படகின் பின்னால் வந்த தோணி பிடோக் கரைக்கு நேரே மழைப்புயலில் சிக்கியது. இழுவைக் கயிறு அறுந்து, தோணி மழைக்குள் மறைந்துபோனது. அதில் இருந்தவன் அலீமின் தம்பி ரவூப். நங்கூரக் கயிறு அந்த ஆழத்துக்கு எட்டாது. விடிந்ததும் முதலாளி நீராவிப் படகைக் கொடுத்தார். சுக்கானுக்குக் காதர் மைதீன், இயந்திரத்துக்கு அலீம். இருந்த கரி ஒரு பக்கம் போய்த் திரும்பத்தான் காணும். டன்லப் தெரு வீட்டிலிருந்து அலீம் புறப்பட்டபோது ரவூபின் மனைவி மைமூன் கணவனுக்கும் சேர்த்துச் சோறு கட்டிக் கொடுத்தாள்.

தோணி கிழக்கேதான் போயிருக்கும் என்று காதர் மைதீன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆறு மாதமாக இந்த நீரிணையில் எது அறுந்தாலும் கிழக்குக் கோடியில் சாங்கிப் பக்கம்தான் போய்ச் சேர்ந்தது. நேற்றைய புயலும் மேற்கிலிருந்துதான் அடித்தது.

ஆனால் அலீமின் கண் கண்டென்சரின் வெற்றிடத்தைக் காட்டும் வாக்குவம் கேஜில் நின்றது. வேலை முடித்த நீராவி கண்டென்சருக்குள் போகும். அங்கே குழாய்களில் கடல்நீர் ஓடிக்கொண்டிருக்கும். நீராவி குளிர்ந்து தண்ணீராகச் சுருங்கச் சுருங்க, உள்ளே வெற்றிடம் கூடும். கடல் எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு முள் ஏறும். இன்று முள் வழக்கத்தைவிட ஒரு கோடு மேலே நின்றது.

அப்படியென்றால் வாடைக் காற்றின் நீர் வந்துவிட்டது. வடகிழக்கே, சீனக் கடல்மேல், வாரக்கணக்கில் வீசும் அந்தக் காற்று மேல்நீரைக் குளிரவைக்கும். அதைத் தெற்கே தள்ளித் தள்ளி நீரிணையின் கிழக்கு வாயிலில் குவிக்கும். குவிந்த நீர் மேற்கே வழியும். ஏற்றமும் வற்றமும் தோணியை முன்னும் பின்னும் இழுத்தாலும், ஒவ்வொரு சுற்றுக்கும் மிஞ்சுகிற நகர்வு மேற்கே. ஒரு பொழுது அடித்த புயல் அதை மாற்றிவிடாது. வெறும் தோணியானால் காற்றோடு போகும். கல்லேற்றி அமிழ்ந்த தோணி நீரோடுதான் போகும்.

அவன் மேலே ஏறிவந்து இதைச் சொன்னான்.

"வாடை இன்னும் தொடங்கவே இல்லையேப்பா" என்றார் காதர் மைதீன்.

"காத்து வரல மாமா. அது தள்ளுன தண்ணி வந்துருச்சு."

"அடுப்பு முன்னாடி உக்காந்துக்கிட்டு நீ எனக்குக் கடலச் சொல்றியா?"

அந்தக் கேலியைவிட இன்னொரு நினைப்புதான் அலீமைச் சுட்டது. நான்கு நாள் முன்பு அவன்தான் கண்டென்சர் குழாய்களைக் கம்பித் தூரிகை போட்டுத் தேய்த்தான். குழாய் சுத்தமானாலும் முள் ஏறும். அதனால்தான் ஏறியது என்றால், மேற்கே போகச் சொல்லித் தம்பியை அவனே சாகக் கொடுத்தவனாவான். வாளியில் கடல்நீர் மொண்டு கையை விட்டான். குளிர்ந்தது. கரி அள்ளிக் காய்ந்த கைக்கு எந்தத் தண்ணீர்தான் குளிராது? வாளியைக் கிழவரின் காலடியில் வைத்தான்.

"நீங்க வச்சுப் பாருங்க மாமா."

காதர் மைதீன் ஒரு காலை விட்டார். மறு காலையும் விட்டார்.

"தை மாசத் தண்ணி மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்துச் சுக்கானை மேற்கே ஒடித்தார்.

செயின்ட் ஜான்ஸ் தீவைத் தாண்டியும் ஒன்றும் தென்படவில்லை. கரி பாதியாகிவிட்டது, இனி எரிவதெல்லாம் திரும்புவதற்கான கரி. தோணி ஒழுகியிருந்தால் ரவூப் கல்லை வாரிக் கடலில் எறிந்திருப்பான். அப்படி எறிந்து தோணி மிதந்து உயர்ந்திருந்தால் காற்று அதைக் கிழக்கே கொண்டுபோயிருக்கும். இதை அலீம் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் கிழவர் திருப்பிவிடுவார். அடுப்பில் இன்னொரு மண்வெட்டிக் கரியைப் போட்டான்.

மேலேயிருந்து காதர் மைதீன் காலால் பலகையைத் தட்டினார்.

அலீம் ஏறிவந்து பார்த்தால், எதிரே தோணி விளிம்பளவு அமிழ்ந்து கிடந்தது. கல் குவியல்மேல் ரவூப் குந்தியிருந்து தகரத்தால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். படகு பக்கத்தில் வந்து அணைந்த பிறகும் அவன் கை நிற்கவில்லை. அலீம் இறங்கிப்போய்ப் பிடித்து நிறுத்தவேண்டியிருந்தது.

"மேக்கால போறோம்னு விடிஞ்சதுமே தெரிஞ்சுபோச்சு நானா" என்றான் ரவூப் அண்ணனைப் பார்த்து. "நீங்க கிழக்கால தேடுவீங்கன்னு நெனச்சு நெனச்சுத்தான் செத்தேன்."

அலீம் தகரத்தை அவன் கையிலிருந்து வாங்கித் தானே இறைக்கத் தொடங்கினான். கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த காதர் மைதீன்தான் தலை நிமிராமலே, "கிழக்கால போகத்தாம்பா இருந்தோம்" என்றார்.