நோயில்லாதவர்களின் வரிசை

லட்சக்கணக்கானவர்களின் ரத்த மாதிரிகளையும் மருத்துவமனைப் பதிவுகளையும் சேர்த்துவைத்திருக்கும் உயிர்வங்கியில் தரவுகளை அலசுவது என் வேலை. தனியாக வசிப்பவர்களுக்கு நோய் குறைவு என்று அன்று காலை என் கணினி சொன்னது. குழுத்தலைவருக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தியா? வீட்ல தொணதொணக்க ஆளில்லன்னா உடம்பு நல்லா இருக்கு! உடனே கட்டுரைய எழுதிடு."

பல வருடமாகத் தனியாக வசிப்பவள் நான். எரிச்சலாக வந்தது.

மதியம் அக்கா போன் செய்தாள். வாயைத் திறந்ததுமே எனக்கு இருமல் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னுமா இருமுற? டாக்டர்கிட்ட போனியா இல்லையா?"

"போகணும்க்கா."

"எங்க வீட்டு மனுஷன் தும்முனாலே நான் இழுத்துட்டுப் போயிடுவேன். உன்னை இழுத்துட்டுப் போக யாரு இருக்கா?"

போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. மருத்துவமனைப் பதிவே இல்லாதவர்களை 'நோயில்லை' என்று எண்ணுவது எங்கள் குழுவின் வழக்கம். அதிலிருந்த ஓட்டை அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. நேராகத் தலைவரிடம் போனேன்.

"கட்டுரை வேண்டாம் சார். தனியா இருக்கறவங்களுக்கு நோய் இல்லாம இல்ல. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக ஆளில்ல."

காச்மூச்சென்று கத்தினார். கத்தட்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அந்த வங்கிக்கு ரத்தம் கொடுத்திருக்கிறேன். பெயரில்லாத அந்தத் தரவு வரிசைகளுக்குள் எங்கேயோ நானும் துளி நோயில்லாமல் இருமிக்கொண்டிருக்கிறேன்.